பெட்டிக்கு அடியில் ஒரு தெரு

நகரின் இலகு ரயில் அலுவலகத்தில், மூன்றாம் மாடியில், இருபத்தாறு வருடமாக வரைபடம் வரைந்துவரும் பெரியவருக்கு அங்குள்ளோர் சூட்டிய பட்டப்பெயர் புள்ளிக்கோடு. ரயில் ஓடும் முதல் கட்டப் பாதையை முழுக்கோடாகவும், இனிமேல் போடப்போகும் இரண்டாம் கட்டத்தைப் புள்ளிக்கோடாகவும் வரைவது அவர் உத்தியோகம். அவர் ஒரே இடத்தில் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தார் என்று பரம விரோதிகூடச் சொல்ல மாட்டான். ஒரு கோடு போடுவார், எழுந்து ஜன்னலுக்குப் போவார், திரும்பி வந்து அதை அழிப்பார். நகரத் திட்டமிடல் என்பது இப்படித்தான் நடக்கிறது.

இந்த வரலாற்று நாயகர் செய்த மாபெரும் பிழை பன்னிரண்டு வருடத்துக்கு முந்தியது. எந்தக் கோடு எதைக் காட்டுகிறது என்று விளக்கும் குறிப்புப் பெட்டி ஒன்று எல்லா வரைபடத்திலும் இருக்கும். யாருக்கும் இடைஞ்சல் இல்லாத மூலையில் அதை வைப்பது தொழில் தர்மம். முதல் கட்டம் வரைந்தபோது புள்ளிக்கோடு அதைத் தன் சொந்தத் தெருவின் மேலேயே வைத்தார். ரயில் அந்தப் பக்கம் வரப்போவதில்லை. அடுத்தவன் தெருவை மறைத்து அவன் மனத்தாங்கலை வாங்கிக் கட்டிக்கொள்வானேன் என்ற பெருந்தன்மை. ஏழு அதிகாரிகள் கையெழுத்துப் போட்டார்கள்.

பிறகு இரண்டாம் கட்டம் வந்தது, அந்தப் பக்கமாகவே வந்தது. ஏழு கையெழுத்து விழுந்த வரைபடத்தில், காரணம் எழுதி மறுபடி ஏழு கையெழுத்தும் வாங்காமல் எதையும் அசைக்கக் கூடாது, புதுக் கோட்டை மட்டும் சேர்க்கலாம் என்பது அலுவலக விதி. ஆகவே இரண்டாம் கட்டத்தின் புள்ளிக்கோடு பெட்டியின் இடப்பக்கம் நுழைந்து வலப்பக்கம் சமர்த்தாக வெளியே வந்தது. நிலம் அளக்கப் போனவர்களுக்கு இட்ட உத்தரவு, "வரைபடத்தில் உள்ளதைச் சரிபார்க்கவும்." சரிபார்த்தார்கள். பெட்டி இருந்த இடத்துக்குப் பட்டியலில் எழுதினார்கள்: "கட்டடம் ஏதும் இல்லை."

இல்லாத கட்டடங்கள் முப்பத்து நான்கு. அதில் ஒன்று அவர் மனைவியின் சலவைக் கடை.

திங்கட்கிழமை, நிலம் எடுப்பதற்கான நோட்டீஸ் பட்டியலைப் புரட்டியபோதுதான் அவருக்கு இது உறைத்தது. நோட்டீஸ் வராதவர்கள் ஆட்சேபணை சொல்ல முடியாது. நஷ்ட ஈடும் கேட்க முடியாது. காலி நிலத்தை இடிக்க யாரிடம் அனுமதி கேட்பது? வியாழக்கிழமை வரைபடம் அச்சுக்குப் போகிறது. மனுஷர் அன்று ஜன்னலுக்கும் மேஜைக்கும் நடந்த நடையில் இரண்டாம் கட்டத்தையே அளந்து முடித்திருக்கலாம்.

சாயங்காலம் கடைக்குப் போனால் மனைவி ஏக உற்சாகத்தில் இருந்தாள்.

"என்னங்க, பக்கத்துத் தெருவுக்கெல்லாம் நோட்டீஸ் வந்துடுச்சாம். நமக்கு வரல. தப்பிச்சோம்! நாலாவது மெஷின் வாங்கிடலாமா?"

"கொஞ்சம் பொறு."

"ஏன், ரயில் கடைக்குள்ளயா வரப்போகுது?"

அவர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"மூணாவது மெஷின் வழியா வருது."

அவள் மூன்றாவது மெஷினைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "அப்ப நமக்கு ஏன் சொல்லல?" என்றாள். அவர் காரணத்தைச் சொன்னார்.

"என் கடை மேலயா பெட்டிய வச்சீங்க? உங்க ஆபீஸ் மேல வைக்கிறதுக்கென்ன, அங்கதான் ஒண்ணும் நடக்கலையே!"

மறுநாள் நில அளவைக்காரரிடம் போய் நின்றார். அவர் சகல சூட்சுமமும் அறிந்தவர்.

"இதுக்கா அண்ணே இந்த அலைச்சல்? மாத்தின காரணம்கிற பத்தியில 'தெளிவுக்காக'ன்னு எழுதி பெட்டிய நகத்திடுங்க. ஏழு பேரும் கண்ண மூடிட்டு கையெழுத்து போடுவாங்க."

"அப்ப மறுபடி அளக்க வருவீங்கல்ல?"

"தெளிவுக்கெல்லாம் யாரு வெயில்ல வருவா? 'விடுபட்டது'ன்னு எழுதினாத்தான் வருவோம். ஆனா யார் விட்டதுன்னு பக்கத்துப் பத்தியில பேர் எழுதணும். அடுத்த மாசம் உங்களுக்குத் தலைமை வரைவாளர் பதவி வருது, ஞாபகம் இருக்கட்டும்."

ஞாபகம் இருந்தது. ஒன்பது வருடமாக அது ஒன்றுதான் ஞாபகம்.

புதன்கிழமை முழுக்கப் பெட்டி ஊர் சுற்றியது. வடமேற்கில் பள்ளிக்கூடம். வடகிழக்கில் ஆஸ்பத்திரி. தென்மேற்கில் வைத்துப் பார்த்தார். அங்கே தலைமைப் பொறியாளரின் மச்சான் வீடு. அதை அழிப்பதற்கு அவருக்குத் தைரியமிருந்தாலும் ரப்பருக்கு இல்லை. கடைசியில் மனைவியின் யோசனைக்கே வந்தார். ரயில் அலுவலகத்தின் மேல் பெட்டி கச்சிதமாகப் பொருந்தியது.

காரணம் என்ற பத்தியில் 'தெ' என்று எழுதினார். ஜன்னலுக்குப் போனார். திரும்பி வந்து அழித்தார். 'விடுபட்டது' என்று எழுதி, பக்கத்துப் பத்தியில் தன் பெயரை எழுதி, எழுந்துபோய் மறுபடி அழிப்பதற்குள் தாளை எடுத்துக்கொண்டு தலைமைப் பொறியாளரின் அறைக்கு ஓடினார். தன் கையையே அவர் நம்பவில்லை.

"என்ன புள்ளி, 'தெளிவுக்காக'ன்னு போட்டா முடிஞ்சுதே?"

"பெட்டிக்கு அடியில முப்பத்து நாலு கட்டடம் இருக்கு சார்."

"அந்தக் கட்டடமெல்லாம் எத்தனை வருஷமா இருக்கு?"

"எனக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடியிலேர்ந்து."

"இத்தனை நாள் ஏன் சொல்லல?"

"நான்தான் சார் மறைச்சது."

பொறியாளர் பேனாவைத் திறந்தார், மூடினார், திறந்தார். "அந்தப் பதவி உங்களுக்கு வராது, தெரியும்ல?"

"தெரியும் சார்."

கையெழுத்து விழுந்தது. மற்ற ஆறு பேரும் காரணத்தைப் படிக்காமலே போட்டார்கள். தங்கள் அலுவலகம் தாளில் காணாமல் போனதையும் அவர்கள் கவனிக்கவில்லை.

மூன்று வாரத்தில் அளவைக்காரர்கள் வந்து போனார்கள். அடுத்த வாரம் முப்பத்து நான்கு கதவிலும் நோட்டீஸ். நிம்மதியாய் இருந்த தெருவுக்கு ரயிலைக் கூட்டிவந்த புண்ணியவான் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் அவரோடு பேச்சை நிறுத்தினார். இருபது வருடப் பேச்சு.

மனைவி நோட்டீஸை இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஆட்சேபணை எழுத எத்தன வரி விட்டிருக்காங்க?"

"ஆறு."

"ஆறுல என்னத்த எழுதறது? பின்பக்கம் எழுதலாமா?"

அலுவலக ஊழியர் ஆட்சேபணைக்கு யோசனை சொல்லக் கூடாது என்று விதி இருந்தது. அவர் வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"எழுதலாம். இணைப்புத் தாளும் வைக்கலாம்."

"எத்தன தாள்?"

"அதுக்கு விதியில வரம்பு இல்ல."

"அப்ப ஓடுற ரெண்டு மெஷினையும் நிறுத்துங்க. நிறுத்திட்டு எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க. நீங்க கூப்பிட்டா வரமாட்டாரு, நான் கூப்பிட்டேன்னு சொல்லுங்க. அவருக்குக் கையெழுத்து நல்லா இருக்கும்."