ஐந்து வயலும் ஒரு அறுப்பு மெஷினும்

தஞ்சாவூரில் எம்.பி.ஏ. மாணவர்களுக்கு உற்பத்தி நிர்வாகமும் சரக்கு விநியோகமும் பாடம் நடத்துகிறவன் நான். கார் தொழிற்சாலையை உதாரணம் காட்டினால் கடைசி பெஞ்சு தூங்கிவிடும் என்று எல்லாவற்றுக்கும் நெல்லைத்தான் இழுப்பேன். மண் தெரிந்த வாத்தியார் என்று என்னை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு. நெல்லுக்கும் எனக்கும் உள்ள உறவு சாப்பாட்டுத் தட்டோடு சரி என்பதை மட்டும் வகுப்பில் சொன்னதில்லை.

வருஷம் தவறாமல் என் கேள்வித்தாளில் ஒரு கேள்வி வரும். ஐந்து விவசாயிகள், ஐந்து வயல்கள், ஒரே அறுப்பு மெஷின். ஒவ்வொரு வயலுக்கும் எத்தனை மணி நேரம் என்று கொடுத்திருப்பேன். எல்லோரும் காத்திருக்கும் நேரம் மொத்தத்தில் குறைய வேண்டுமானால் எந்த வரிசையில் அறுப்பது? சீக்கிரம் முடிகிற சின்ன வயல் முதலில், பெரியது கடைசியில். பத்து மார்க், கிட்டத்தட்ட தானம்.

போன பருவத்தில், திருப்பனந்தாள் பக்கமிருந்து வரும் ஒரு மாணவி அந்தத் தானத்தை வாங்க மறுத்துவிட்டாள். ‘எந்த வயல் ரோட்டோரம் என்று சொல்லாமல் இதற்கு விடை எழுத முடியாது’ என்று ஒரே வரி. நான் சிவப்பு மையில் முட்டை போட்டேன். அந்த முட்டையால் அவள் ஃபெயில். அவளை வேலைக்கு எடுத்திருந்த கம்பெனியோ, ஒரு அரியர் இருந்தாலும் வர வேண்டாம் என்று சொல்லியிருந்தது.

திருத்திய தாளைப் பார்த்துவிட்டு என் அறைக்கு வந்தாள். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“மார்க் ஆபீசுக்குப் போக இன்னும் ரெண்டு நாள் இருக்குல்ல சார்? நாளைக்கு எங்க வயல்ல அறுப்பு. ஒரு தடவை வந்து பாத்துடுங்க. அப்புறமும் முட்டைதான்னா முட்டையே இருக்கட்டும்.”

போனேன், சலவைச் சட்டையோடு. ரோட்டிலிருந்து உள்ளே ஐந்து வயல்கள், ரயில் பெட்டி மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக. மெஷின் ரோட்டோரம் நின்றது. கடைசி வயல்தான் இருப்பதிலேயே சின்னது. என் வாய் சும்மா இருக்குமா? டிரைவரிடம் போனேன்.

“அந்தக் கடைசி வயல முதல்ல முடிச்சிடுங்களேன். மொத்தத்துல காத்திருக்கிற நேரம் குறையும்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “தாராளமா சார். நடுவுல நாலு பேரு கதிர மிதிச்சுக்கிட்டே போறேன். நீங்க முன்னாடி நடங்க. அடி வாங்க ஒரு ஆள் வேணும்ல?”

மெஷினுக்கென்று தனிப் பாதை கிடையாது. முன் வயலை அறுத்தால்தான் பின் வயலுக்கு வழி. ஆனாலும் தோற்க மனசு வரவில்லை. “முன் வயல் பச்சையா இருந்து, பின் வயல் விளைஞ்சு நின்னா?” என்று மடக்கினேன்.

மாணவியின் அப்பா சிரித்தார். “அப்படி நிக்க விடுவோமா சார்? அஞ்சு பேரும் பேசி வச்சு, ஒரே ரகம், ஒரே வாரத்துல நட்டுருவோம். அறுப்பு வரிசைய அறுக்கறப்பவா போடுவாங்க? நாத்து விடறப்பவே போட்டாச்சு.”

திட்டமிடலைப் பற்றி என்னிடம் நாற்பது ஸ்லைடு இருக்கிறது. அதில் இது இல்லை. மாணவி வரப்பில் நின்று வாய்க்காலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்க அவள் பட்ட பாட்டுக்கே தனியாக இரண்டு மார்க் போடலாம்.

மறுநாள் வகுப்பில், இது எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டேன். பாதி வகுப்பு கை தூக்கியது.

“தெரிஞ்சுமாய்யா சின்ன வயல் முதல்லன்னு எழுதினீங்க?”

“வயலுக்கு அது சார், பரீட்சைக்கு இது” என்றது கடைசி பெஞ்சு. அன்றைக்குப் பார்த்து அது தூங்கவில்லை.

முட்டையை அடித்துப் பத்து போட்டேன், அவள் பாஸ். மார்க்கைத் திருத்தினால் ஆபீசில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், காரணத்தோடு.

“கூட்டல் பிழைன்னு போடுங்க சார், எல்லாரும் அதான் போடுவாங்க” என்றார் கிளார்க்.

‘கேள்வி கேட்டவர் வயலைப் பார்த்ததில்லை’ என்று எழுதிக் கொடுத்தேன்.

அவர் இரண்டு தடவை படித்தார். “இதுக்கு உங்க ஹெச்.ஓ.டி. கையெழுத்துப் போடுவாரா சார்?”

“பேனாவக் குடுங்க” என்றேன். “நான்தான் ஹெச்.ஓ.டி.”