ஆம் என்று குத்தச் சொன்ன வெர்லீன்

வெர்லீன் டால்பர்ட் இடப்பக்கக் கதவு மாட்டுவாள். லெஸ்டர் கோவாச் வலப்பக்கக் கதவு. மிச்சிகனில் கார்வெல் ஊர்க் கார் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் ஒரே வண்டியின் இரு பக்கமும் நின்றவர்கள். ஐம்பத்தெட்டு நொடிக்கு ஒரு வண்டி, நிற்காமல் நகரும். வம்பு, சண்டை, சமாதானம் எல்லாம் எதிரெதிர் ஜன்னல் வழியேதான். மனைவியைப் புதைத்துவிட்டு லெஸ்டர் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், வெர்லீன் தன் கதவை மாட்டிவிட்டு மறுபக்கம் ஓடி அவருடைய போல்ட்டுகளையும் முடுக்கினாள். மேற்பார்வையாளர் பார்க்காத மாதிரி நடந்துபோனார்.

லெஸ்டர் ஓய்வு பெற்றார். வெர்லீன் சங்கப் பிரதிநிதி ஆனாள். கம்பெனி கேட்பதைக் கொடுத்துவிடுங்கள் என்று ஒருநாளும் யாரிடமும் சொல்லாதவள் என்று பெயர் எடுத்தாள்.

2008-ல் வங்கிகள் கவிழ்ந்தன; அரசாங்கம் ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தது. பின்னாலேயே கார் கம்பெனிகளும் கை நீட்டின. அப்போதுதான் கேள்விகள் முளைத்தன. தொழிலாளிக்கு எதற்கு இவ்வளவு கூலி? ஓய்வு பெற்றவனுக்கு எதற்குக் கம்பெனி செலவில் வைத்தியம்?

அடுத்த வருடம் மார்ச்சில் ஒரு மதியம் சங்க மண்டபத்துத் தொலைக்காட்சியில் ஒரு கோட்டுக்காரர் பேசினார். அரசாங்கப் பணத்தில் பிழைத்த நிதி நிறுவனத்து அதிகாரிகளுக்குப் போனஸ் கொடுத்தே ஆகவேண்டுமாம். ஒப்பந்தம் போட்டாயிற்றாம், உடைக்க முடியாதாம்.

"அப்ப நம்ம ஒப்பந்தத்தைப் பென்சில்லயா எழுதுனாங்க?" என்றார் லெஸ்டர். மண்டபமே சிரித்தது. வெர்லீனும் சிரித்தாள்.

மே மாதம் தொழிலாளர் ஒப்பந்தத்துக்குத் திருத்தம் வந்தது; தொழிலாளர்கள் ஓட்டுப் போட்டு ஏற்கவேண்டும். விலைவாசிப்படி போயிற்று. ஈஸ்டர் திங்கள் விடுமுறை போயிற்று. ஆறு வருடம் வேலைநிறுத்தம் கூடாது. ஓய்வு பெற்றவர்களுக்குப் பல், கண் வைத்தியம் ஜூலையிலிருந்து கிடையாது. அவர்களுக்கு இதில் ஓட்டும் கிடையாது.

சங்கத்தின் தலைமையகத்திலிருந்து வந்தவர் பிரதிநிதிகளை உட்காரவைத்துச் சொன்னார்: "ஆமான்னு வந்தா கார்வெல் பொழைக்க வழி இருக்கு. இல்லேன்னா பூட்டுதான்."

"எழுதித் தருவீங்களா?" என்று கேட்டாள் வெர்லீன்.

"எழுத்துல என்னம்மா இருக்கு? நம்பிக்கைதான்."

அன்று மாலை லெஸ்டர் வீட்டுக்குப் போனாள். அவருக்குக் கீழ்வரிசைப் பற்கள் ஆடிக்கொண்டிருந்தன. ரொட்டியை சூப்பில் ஊறவைத்து முழுங்கிக்கொண்டிருந்தார்.

"ரெண்டாயிரத்து முந்நூறு பேரோட வேலை, லெஸ்டர். ஆமான்னு குத்தச் சொல்லப்போறேன்."

"என் பல்லை வெச்சு."

"ஆமாய்யா. உன் பல்லை வெச்சு."

லெஸ்டர் கரண்டியை வைத்தார். "நாலு பல்லுக்கு ரெண்டாயிரத்து முந்நூறு பேரு. கம்பெனி இவ்ளோ மலிவா எதையும் வித்ததில்ல. சரி, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. ஃபேக்டரி ஓடுமா?"

"ஓடும்," என்றாள். அவளுக்குத் தெரியாது. ஆனாலும் சொன்னாள்.

ஷிஃப்ட் மாறும் நேரமெல்லாம் வாசலில் நின்றாள்.

"என்ன வெர்லீன், கம்பெனி உனக்கு எவ்ளோ குடுத்துச்சு?"

"உன் மூளை அளவுக்கு. சட்டைப்பையில தேடிட்டு இருக்கேன், கெடைக்க மாட்டேங்குது."

"வங்கிக்காரன்கிட்ட ஈஸ்டர் லீவைக் கேட்டாங்களா?"

"அவனுக்குச் சங்கம் இல்லடா. ஊரே திட்டறதுக்கு ஒரு ஆள் வேணும்ல, அது நாமதான். போய் ஆமான்னு குத்து."

வியாழனும் வெள்ளியும் வாக்குப்பதிவு. நூற்றுக்கு எழுபத்தொரு பேர் ஆம் என்று குத்தினார்கள்.

திங்கள் காலை கம்பெனி திவால் மனு போட்டது. மூடப்போகும் தொழிற்சாலைகளின் பட்டியலும் கூடவே வந்தது. கார்வெல் நான்காவது பெயர்.

வெர்லீன் லைனுக்குப் போனாள். கத்துவார்கள் என்று நினைத்திருந்தாள். யாரும் கத்தவில்லை. வண்டிகள் வந்துகொண்டிருந்தன, கதவுகளை மாட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போது வலப்பக்கம் நிற்கும் பெண் மட்டும் ஜன்னல் வழியே கேட்டாள்.

"இல்லேன்னு குத்தியிருந்தாலும் இதேதான வந்திருக்கும்?"

"இதேதான்."

"அப்ப எதுக்குக்கா குத்தச் சொன்ன?"

வண்டி நகர்ந்துவிட்டது. அடுத்த வண்டி வந்தபோது அந்தப் பெண் மறுபடி கேட்கவில்லை.

மதியம் லெஸ்டர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"பட்டியலைப் பாத்தேன்."

"லெஸ்டர், நான்..."

"அத விடு. பல் வைத்தியம் எந்தத் தேதி வரைக்கும் செல்லும்?"

திருத்தத்தைப் புரட்டிப் பார்த்தாள். ஆம் என்று சொல்லச் சொல்லி ஊரெல்லாம் அவளே கொடுத்த காகிதம். "ஜூன் முப்பது."

"அப்ப இந்த மாசமே எல்லாத்தையும் புடுங்கிட்டா, பல்செட்டும் அதுலயே வந்துடும்ல? நல்லா இருக்கறதையும் சேத்துப் புடுங்கச் சொல்லிடலாம். எனக்கு எங்கயும் நாள் கெடைக்கல. நீ கேட்டா குடுப்பாங்க."

லெஸ்டர் வைத்ததும் வெர்லீன் பல் மருத்துவமனைகளைக் கூப்பிட ஆரம்பித்தாள். முதல் மருத்துவமனையில் ஜூன் முழுக்க நிரம்பிவிட்டது. இரண்டாவதிலும் அப்படியே. ஊரில் ஓய்வு பெற்றவர்கள் அத்தனை பேருக்கும் இதே யோசனை வந்திருந்தது. பக்கத்து ஊர், அதற்கடுத்த ஊர். எட்டாவது இடத்தில் ஒரு பெண் பொறுமையாகத் தேடிப் பார்த்தாள்.

"ஜூலை பதினாலு காலியா இருக்கும்மா. போட்டுடவா?"

காகிதத்தில் ஜூன் முப்பது என்ற வரியின் மேலேயே வெர்லீனின் விரல் இருந்தது. "வேண்டாம்மா" என்று வைத்துவிட்டு ஒன்பதாவது எண்ணைத் தேடினாள்.