மேலும் கீழுமாய் விழுந்த ஐந்து துளைகள்

நான் வீட்டில் தோட்டா செய்கிறேன் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு கொஞ்சம் தள்ளி நிற்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. "துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதானே ஓடி வந்தனீங்கள்? இஞ்ச வந்து அதே சத்தத்தைத் தேடிப் போறியளோ?" என்று என் மனைவி எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாள். மிருகங்களை நான் சுடுவதில்லை. முந்நூறு மீற்றர் தள்ளி நிற்கும் ஒரு கடதாசியில் ஐந்து துளைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விழுந்தால் அந்தக் கிழமை முழுக்க எனக்கு நன்றாக நித்திரை வரும். அது ஏன் என்று எனக்கும் விளங்குவதில்லை.

கடையில் வாங்குகிற தோட்டாக்கள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. அதனால் சுட்டு முடித்த பித்தளைக் கோதுகளைக் கழுவி, பழைய அளவுக்கு அமுக்கி எடுத்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, வாயில் சன்னம் என்கிற ஈயக் குண்டைப் பொருத்தி நாங்களே செய்துகொள்வோம். எந்தத் துவக்குக்கு எவ்வளவு மருந்து பிடிக்கும் என்று கண்டுபிடிக்கவே ஒரு கோடைகாலம் போய்விடும். கண்டுபிடித்த பிறகு அந்த அளவிலிருந்து மயிரிழையும் பிசகக்கூடாது. குளிசை, மாத்திரை செய்கிற தொழிற்சாலையில் நிறுவைப் பகுதியில் இருபது வருடம் வேலை செய்கிறவன் நான். நிறுக்கிற விசயத்தில் யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம் என்கிற திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

என் கூட்டாளி மன்னார்ப் பக்கத்து வேதக்காரன், கிறிஸ்தவன். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்ற ஊரில், பல்கலைக்கழகத்தின் விவசாயப் பண்ணையில் மாடு பார்க்கிற வேலை. துவக்கு அனுமதிப்பத்திரத்துக்கான வகுப்பில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தான். பிரெஞ்சில் சொன்னது விளங்காமல் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தோம், அன்றிலிருந்து சினேகிதம். ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே மாதிரித் துவக்கு இரண்டு வாங்கினோம். என்னுடையதை நான் அப்படியே வைத்திருந்தேன். அவன் ஒரு பனிக்காலம் முழுக்க உட்கார்ந்து வால்நட் மரத்தில் புதுப் பிடி செதுக்கிப் பொருத்தினான். அதைத் தடவிக்கொண்டே பேசுவான். இரண்டு துவக்குக்கும் ஒரே மருந்தளவு பிடித்துப்போனது எங்கள் அதிர்ஷ்டம். தோட்டா செய்வது என் பொறுப்பு.

போன வருடம் இலையுதிர்காலத்தில் எங்கள் துவக்குச் சுடும் கழகத்தில் சோடிப் போட்டி. நாங்கள் முதல் தடவையாகப் பெயர் கொடுத்திருந்தோம். போட்டிக்கு முந்தின நாள் விஜயதசமி. மனைவி சாமி அறையில் தையல் மெசின், பிள்ளைகளின் லப்டொப், கார்ச் சாவி எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பூசை செய்தாள். நான் மருந்து நிறுக்கிற மின்தராசையும் கேட்டு வாங்கினாள்.

"துவக்குக்கு நான் பொட்டு வைக்க மாட்டன். தராசு என்ன பாவம் செய்தது?" என்றாள்.

தராசுக்கு ஒரு சின்னக் கிண்ணம் மாதிரி அலுமினியத் தட்டு உண்டு, மருந்தைக் கொட்டி நிறுப்பதற்கு. அதன் வெளிப்பக்கத்தில் பெரிய சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். பூசை முடிந்த கையோடு தொழிலைக் கொஞ்சமாவது செய்யவேண்டும் என்பது எங்கள் வழக்கம். மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்த கூட்டாளியையும் கூட்டிக்கொண்டு நிலக்கீழ் அறைக்கு இறங்கினேன். பொட்டோடு தட்டை வைத்துத் தராசைப் பூச்சியமாக்கிவிட்டுத் தொடங்கினேன். வீட்டுக்கு வந்தவனுக்குத்தானே முதலில் செய்யவேண்டும்? முதல் இருபத்தைந்து அவனுக்கு. பிறகு மேலே போய்த் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்து, மிச்சம் இருபத்தைந்து எனக்கு.

அடுத்த நாள் போட்டியில் என் ஐந்து துளைகளையும் ஒரு இரண்டு டொலர் நாணயக் குற்றியால் மூடலாம். அவனுடைய ஐந்தும் ஏணிப்படி மாதிரி மேலும் கீழுமாய் விழுந்தன. இன்னொரு கடதாசியிலும் அப்படியே. எங்கள் சோடிக்குக் கடைசிக்கு முந்தின இடம்.

ஒரே மருந்து, ஒரே கோது, ஒரே சன்னம், ஒரே கை. காற்று என்றால் துளைகள் பக்கவாட்டில் அல்லவா போகவேண்டும்? மேலும் கீழும் போனால் மருந்து கூடிக் குறைந்திருக்கவேண்டும். நிறுத்தவன் நான். ஆகவே அது நடந்திருக்க முடியாது. இதுதான் அன்றைய என் கணக்கு.

"என்ர துவக்கிலதான் ஏதோ பிழை, அண்ணை" என்றான் அவன், கடதாசியை மடித்துக்கொண்டு.

அந்த வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். மரப்பிடி ஈரத்துக்கு வளைந்திருக்கும், குழாய் தேய்ந்திருக்கும் என்று நச்சரித்தேன். கிழமைக்கு இரண்டு தரம் போன் எடுத்து, அந்தச் சனியனைத் தலைமுழுகிவிட்டு வேறு வாங்கச் சொன்னேன். நான்காம் கிழமை என் காரிலேயே அவனை லவாலில் உள்ள கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், துவக்கைக் கொடுக்க வைத்தேன். கடைக்காரன் அதை உள்ளே எடுத்துப் போகும்போது இவன் சன்னலுக்கு வெளியே வாகனத் தரிப்பிடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். புதுத் துவக்கு பிறகு பார்க்கலாம் என்றான். பிறகு தோள் நோகிறது என்றான். பிறகு மைதானத்துக்கு வருவதையே விட்டுவிட்டான்.

நான் தனியாகப் போய்வந்தேன். எனக்குச் சரியாகவே விழுந்தது. அதுதான் என்னை இன்னும் குழப்பியது. துவக்கில்தான் பிழை என்று ஒரு நாள் நிம்மதியாக இருப்பேன். மறுநாள் அதே துவக்கு கோடை முழுக்க ஒழுங்காகச் சுட்டதே என்று தோன்றும். பிழை எங்கே என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மிஞ்சிக் கிடந்த கோதுகளை ஒவ்வொன்றாக அளந்து பார்த்தேன். ஒன்றிலும் பிழையில்லை.

இந்த வருட விஜயதசமியன்று மனைவி திரும்பவும் தராசுக்குப் பொட்டு வைத்தாள். நான் தட்டை வைத்துப் பூச்சியமாக்கினேன். "அவல் ஆறப்போகுது, வந்து சாப்பிடுங்கோ" என்று கூப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் வெறுந்தட்டோடு இருந்த தராசு பூச்சியத்துக்குக் கீழே காட்டிக்கொண்டிருந்தது. பழுதாகிவிட்டது என்று முதலில் தராசைத் திட்டினேன். பிறகு பொட்டைத் தொட்டேன். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

ஈரம் போகப் போகத் தட்டு இலேசாகியிருக்கிறது. தராசு குறைத்துக் காட்ட, அதை ஈடுசெய்ய நான் ஒவ்வொரு தோட்டாவிலும் கொஞ்சம் கூடுதலாக மருந்து போட்டிருக்கிறேன். துவக்கு தாங்கக்கூடிய உச்ச அளவுக்கு நன்றாகக் கீழே நின்றபடியால் ஆபத்து வரவில்லை. என் முறை வருவதற்குள் பொட்டு காய்ந்துவிட்டது, ஆகவே என்னுடையவை எல்லாம், கூடியிருந்தாலும், ஒரே அளவு. இடையில் ஒரு தரமாவது வெறுந்தட்டை வைத்துப் பார்த்திருக்கவேண்டும். தொழிற்சாலையில் அப்படிச் செய்யாத பெடியன்களை நானே ஏசியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

கடைக்குப் போன் எடுத்தேன். மரப்பிடி போட்ட அந்தத் துவக்கு எப்போதோ விலைப்பட்டுவிட்டது என்றார்கள். யாரிடம் என்று சொல்ல மாட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமையே சென்ட்-ஆனுக்குப் போனேன். பண்ணை வாசலில் சப்பாத்துச் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தான். காரில் ஏற்றி இருத்தி, எல்லாவற்றையும் சொல்ல வாயெடுத்தேன். பாதியிலேயே சிரித்தான்.

"சந்தனப் பொட்டைத்தானே சொல்லுறியள்? அது அண்டைக்கே எனக்குத் தெரியும், அண்ணை. ஈரமாய்க் கிடக்கே, காஞ்சால் நிறை குறையுமே எண்டு பக்கத்தில நிண்டு யோசிச்சனான்."

"தெரிஞ்சுகொண்டு ஏன்ரா வாயைப் பொத்திக்கொண்டு நிண்டனீ?" நான் கத்திவிட்டேன்.

"உங்கட சாமி விசயம். நான் வேதக்காரன். பொட்டை அழியுங்கோ எண்டு எந்த வாயால சொல்லுறது?"

"சரி, பிறகாவது சொல்லியிருக்கலாமே? துவக்கைக் குடுக்க முன்னமாவது?"

"சொன்னால் பொட்டு வைச்ச அக்காவைக் குற்றம் சொன்ன மாதிரி வந்திடும். துவக்கில பிழை எண்டால் ஒருத்தருக்கும் நோகாது எண்டு நினைச்சன். நீங்கள் அதைப் பிடிச்சுக்கொண்டு விடவேயில்லை."

அவனைக் கட்டிப்பிடிப்பதா, கன்னத்தில் ஒன்று வைப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. இன்னும் தெரியவில்லை. அவன் கதவைத் திறந்து இறங்கிவிட்டு, திரும்பிக் குனிந்து கண்ணாடி வழியே சொன்னான்:

"அக்காட்டை இதொண்டும் சொல்லிப்போடாதேங்கோ. பாவம், பிறகு பொட்டு வைக்கப் பயப்பிடுவா."