செம்புக் கட்டியில் வேர்த்த தண்ணீர்

நான் பலதுக்குப் பயந்திருக்கிறேன். ஷெல்லுக்கு, கடலுக்கு, முகாமில் பெயர் கூப்பிட்டுப் பதிகிறவருக்கு. ஆனால் ஒரு இலக்கத்துக்குப் பயந்து தொண்டையில் சோறு இறங்காமல் இருந்தது அந்த யூன் மாதத்தில்தான். மெஷினுக்குள் எவ்வளவு சூடு என்று காட்டிக்கொண்டு கொம்பியூட்டர் திரையின் மூலையில் அது நிற்கும். எண்பத்திரண்டு. எண்பத்தாறு. எண்பத்தொன்பது. தொண்ணூற்றைந்தைத் தொட்டால் மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அப்படியே அணைந்துவிடும். செய்த வேலை பாதியில் போனால் அதற்கென்ன, அதற்குத் தன் உயிர் பெரிது.

இந்தியாவில் மண்டபம் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து மன்னாரில் கீரியில் குடியேறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. கல் சுவரும் தகரக் கூரையுமாக இருந்த முன்னறைதான் என் ஸ்டூடியோ. கலியாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவேன், பழைய கசெற்றுகளை இறுவட்டில், அதாவது சீடியில், மாற்றிக் கொடுப்பேன். இராமநாதபுரத்தில் பழகிய தொழில் அது. மெஷினைக் கொழும்பில் ஒரு சிங்கள இளைஞரிடம் வாங்கினேன். கேம் விளையாடுவதற்காக, செய்த கம்பனி சொன்ன வேகத்தைவிட அதிகமாக முடுக்கி வைத்திருந்தார். அந்த வேகத்தின் சூட்டைக் காற்றாடி தாங்காது. அதனால் அதன் மூளைக்கு மேலே ஒரு செம்புக் கட்டி; அதற்குள் தண்ணீர் ஓட இரண்டு குழாய்; ஓட்ட ஒரு சின்ன மோட்டர்; தண்ணீரை ஆற வைக்க வான் வண்டியில் இருப்பதுபோல் ஒரு ரேடியேட்டர். தண்ணீருக்குப் பச்சை நிறம் கலந்திருந்தது. விற்கும்போது அவர் ஒரு புத்தி சொன்னார்.

“அக்கா, தண்ணி ரூமைவிடக் கூல் ஆகவேண்டாம். ஐஸ் வேண்டவே வேண்டாம். வேர்க்கும்.”

மன்னாரில் வேர்க்காத பொருள் எது என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினேன். அந்தக் கொழுப்புக்குப் பிறகு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நாலு வீடு தள்ளி ஒரு அக்கா இருந்தா. முகாமில் எங்கள் வீட்டு வரிசையில் இருந்தவ. திரும்பவும் சண்டை தொடங்கிய காலத்தில் படகில் அக்கரைக்குப் போகும்போது படகு கவிழ்ந்து, எட்டு வயது மகளைக் கடலுக்குக் கொடுத்தவ. அதற்குச் சில மாதம் முன்னர்தான் பிள்ளை கோயிலில் முதல் நன்மை என்கிற முதல் நற்கருணை வாங்கியிருந்தாள். அதை யாரோ வீடியோ எடுத்திருந்தார்கள். அந்தக் கசெற்றைப் பொலித்தீன் பைக்குள் சுற்றி, முடிச்சுப் போட்டு, மடியில் கட்டிக்கொண்டு அக்கா படகேறியிருக்கிறா. கசெற் நனையவில்லை.

முகாமில் அதைப் போட்டுப் பார்க்க மெஷின் இல்லை. ஊருக்கு வந்த பிறகும் அக்கா அதை வெளியே எடுக்கவில்லை. அந்த யூன் மாதம்தான் பையோடு என்னிடம் கொண்டுவந்தா.

“தங்கச்சி, முதல் நன்மை முடிய மடுக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு மாதாவுக்கு நேர்த்தி வைச்சனான். பிள்ளையைக் கொண்டுபோகேலாமப் போச்சு. இந்த ஆடித் திருவிழாவுக்கு இதையாவது கையில கொண்டுபோகவேணும். மாத்தித் தருவியோ?”

“ஓம் அக்கா, தாறன்” என்றேன். அந்த “ஓம்” எவ்வளவு பாரம் என்று அப்போது தெரியவில்லை.

கசெற்றுக்குள் வெள்ளையாகப் பூஞ்சணம். மெல்லத் துடைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை ஓடவிட்டேன். பதினேழு நிமிடமும் கொம்பியூட்டருக்குள் ஏறியது. பிறகு அதைப் பின்னுக்குச் சுற்றியபோது நாடா அறுந்து, மெஷினின் பல்லுக்குள் போய்க் கசங்கி, விரல் நீளத் துண்டுகளாக வெளியே வந்தது. ஆக, அந்தப் பிள்ளை இனி உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தாள், என் மேசைக்குக் கீழே, ஒரு டிஸ்க்கில். மற்ற டிஸ்க் நிறையக் கலியாண வீடியோக்கள். அதில் இரண்டை அழித்துவிட்டு உடனே ஒரு பிரதி எடுத்திருக்கவேண்டும். படத்தைத் துப்புரவாக்கிய பிறகு ஒரேயடியாக எடுக்கலாம் என்று விட்டேன். சோம்பேறித்தனத்துக்கு எத்தனை நல்ல காரணம் கிடைக்கிறது!

படம் முழுக்கக் கோடும் புள்ளியும். ஒவ்வொரு படமாகத் துடைத்தெடுக்க மெஷினுக்கு இரண்டு நாள் வேண்டும் என்று கணக்குக் காட்டியது. வெளியே கச்சான் காற்று. யன்னலைத் திறந்தால் மணல் உள்ளே வரும், பூட்டினால் அறை அடுப்பாகிவிடும். பூட்டினேன். முதல்நாள் மத்தியானமே இலக்கம் தொண்ணூற்றொன்று. வேகத்தைக் குறைத்தால் சூடு குறையும், ஆனால் ஏழு நாள் எடுக்கும், அக்கா திருவிழாவுக்குப் போகும் நாள் தாண்டிவிடும். ஈரத்துணியால் அறைத் தரையைத் துடைத்தேன். விசிறியை ரேடியேட்டருக்கு முன்னால் வைத்தேன். தொண்ணூற்றிரண்டு.

அப்போதுதான் ஓலைத்தொடுவாயிலிருந்து என் கணவர் வந்தார். அவர் அங்கே மீன் வாங்கிப் பெட்டி கட்டி அனுப்புகிறவர். என் முகத்தைப் பார்த்தார், இலக்கத்தைப் பார்த்தார், வாசலில் நின்ற தன் ரெஜிபோம் ஐஸ்பெட்டியைப் பார்த்தார்.

“இவ்வளவுதானே? அந்த ரேடியேட்டரைக் கழட்டாமல் அப்படியே பெட்டிக்குள்ள இறக்குவம். நல்ல ஐஸ் கிடக்கு.”

“ஐஸ் வேண்டாம் எண்டு வித்தவர் சொன்னவர்.”

“அது தண்ணிக்குள்ள போடுறதை. நாங்கள் வெளியிலதானே வைக்கிறம்.”

பயந்தவளுக்கு எந்த நியாயமும் நியாயமாகத்தான் படும். சரி என்றேன். ரேடியேட்டர் ஐஸுக்குள் இறங்கியது. அதோடு அவர் நின்றிருந்தாலும் பரவாயில்லை. மீன்பெட்டியில் கை வைத்தால் உப்புப் போடாமல் அவருக்கு விடாது. உப்புச் சேர்ந்தால் ஐஸ் இன்னும் குளிரும் என்பது எங்கள் கரையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். இரண்டு கை உப்பை அள்ளித் தூவி, மேலே சாக்கைப் போட்டு மூடினார்.

இலக்கம் இறங்கியது. எழுபது. ஐம்பத்தெட்டு. நாற்பத்தாறு. நான் கைதட்டிச் சிரித்தேன். காலையிலிருந்து இறங்காத சோறு இறங்கியது. மத்தியானம் முழுக்க அவரைப் புகழ்ந்துகொண்டே இருந்தேன். இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுவார்.

அடுத்த நாளும் புது ஐஸ், புது உப்பு. பின்னேரம் மூன்று மணிபோல, துடைக்கிற வேலை முடிந்து, மெஷின் படத்தை டிஸ்க்கில் எழுதத் தொடங்கியது. எழுதுவது அதற்கு லேசான வேலை, அதனால் மூளை சூடாகாது. சூடு நின்றது, ஐஸ் நிற்கவில்லை. நான் பிளேன்ரீக் கோப்பையோடு வந்து பார்த்தபோது இலக்கம் பதினாலு.

பதினாலு. நாங்கள் இருந்த அறையில் முப்பத்தைந்து இருக்கும்.

மெஷினின் பக்கக் கதவுக் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தேன். குழாய் முழுக்க முத்து முத்தாக வேர்த்திருந்தது. செம்புக் கட்டியின் விளிம்பிலிருந்து ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. குழாய்தான் கசிகிறது என்று நினைத்தேன். உள்ளே ஓடியது பச்சைத் தண்ணீர், தொங்கியது கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர். அது எங்கிருந்தும் கசியவில்லை. நான் மூச்சுவிடுகிற காற்றிலிருந்துதான் வந்திருந்தது. கடற்கரைக் காற்றில் ஈரம் எப்போதும் இருக்கிறது, குளிர்ந்த ஒரு இடம் கிடைத்தால் வந்து உட்கார்ந்துவிடும். அந்த மனிதர் “வேர்க்கும்” என்று சொன்னது இதைத்தான். சுவர் என்று இல்லை, பூட்டு என்று இல்லை, எதையும் கேட்காமல் உள்ளே வந்து நிற்கிற தண்ணீருக்கு நான் என்ன செய்வது?

வயரைப் பிடுங்கியிருக்கவேண்டும். கையை வைத்தும்விட்டேன். ஆனால் எழுதி முடிய இன்னும் நாலு நிமிடம் என்று திரை காட்டியது. எழுதும்போது பிடுங்கினால் டிஸ்க் பழுதானால்? விட்டால் துளி விழுந்தால்? கையை வைத்தபடி “மாதாவே, மாதாவே” என்று நின்றேன்.

துளி விழுந்தது. “டப்” என்று ஒரு சத்தம். திரை கறுத்தது. கருகிய வாசம். அதற்குப் பிறகுதான் வயரைப் பிடுங்கினேன்.

டிஸ்க் இருந்தது அடித்தட்டில். அடித்தட்டில் தண்ணீர் வடிந்து சின்னக் குளமாகி நின்றது. அதன் கரைக்கும் டிஸ்க்குக்கும் இடையே இரண்டு விரல் அகலம். மெஷினுக்குள் குளிர்ந்த காற்றில் அதுவும் வேர்த்திருக்குமோ, உள்ளே என்ன நடந்திருக்குமோ, வெளியே தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியுமா? கழற்றித் துணியில் சுற்றினேன்.

“வெயில்ல வைப்பம், ஒரு பகல்ல காஞ்சிடும்” என்றார் கணவர்.

“அது கருவாடில்லை!” என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். பாவம், ஐஸ்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். அவர் போன பிறகு அலுமாரிக்குள் சீலைகளுக்கு நடுவில் டிஸ்க்கை வைத்துவிட்டு, அதற்கு முன்னால் தரையில் இருந்து அழுதேன். எனக்குக் கேட்டதெல்லாம் ஒன்றுதான். அந்தப் பிள்ளையை நான் இரண்டாம் தரம் தண்ணீருக்குள் போட்டுவிட்டேன்.

நன்றாகக் காயாமல் கரண்ட் கொடுத்தால் இருப்பதும் போகும். மூன்று நாள் காத்திருந்தேன். வெட்கமான மூன்று நாள். இரண்டாம் நாள் அக்கா வாசல் படலையடிக்கு வந்து கூப்பிட்டபோது நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, டவுனுக்குப் போய்விட்டேன் என்று கணவரைச் சொல்ல வைத்தேன். “அவசரமில்லைத் தம்பி, வடிவாச் செய்யட்டும்” என்று அக்கா சொன்னது கேட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நாலாம் நாள் டவுனில் தெரிந்த ஒரு கடைக்குப் போனேன். டிஸ்க்கை அவர்களுடைய மெஷினில் பூட்டினார்கள். நான் திரையைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். “அக்கா, இந்தப் பதினேழு நிமிசத் துண்டோ?” என்று கடைக்காரர் கேட்டார். திரும்பினேன். துடைத்த படம் போய்விட்டது. கோடும் புள்ளியுமாகப் பழைய படம் அப்படியே இருந்தது. வெள்ளைச் சட்டை, தலையில் பூமுடி, கையில் மெழுகுதிரி. திரி அணையாமல் மற்றக் கையால் மறைத்துக்கொண்டு கமராவைப் பார்த்துச் சிரித்தாள். நாலு இறுவட்டில் எழுதச் சொன்னேன்.

அங்கிருந்து நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். கதிரையைப் போட்டு இருக்கச் சொன்னா. நான் இருக்கவில்லை. பொய் சொல்லாமல் முடிக்கவேண்டும் என்று வழி முழுக்க மனப்பாடம் செய்ததை ஒரே மூச்சில் சொன்னேன். கசெற் அறுந்தது, ஐஸ் வைத்தது, மெஷினுக்குள் தண்ணீர் விழுந்து எரிந்தது, பிரதி எடுக்காமல் விட்டது, கதவுக்குப் பின்னால் ஒளித்து நின்றது. சொல்லி முடித்து இறுவட்டை நீட்டினேன்.

அக்கா அதை உடனே வாங்கவில்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா. முகம் வெளிறியிருந்தது. எனக்கு இருந்த பயமெல்லாம் அவவின் பயத்துக்கு முன்னால் ஒன்றுமில்லை என்று அப்போது தெரிந்தது.

“பிள்ளையில தண்ணி பட்டதோ?” என்று கேட்டா.

“இல்லையக்கா. படேல்லை.”

“வடிவாப் பாத்தனியோ?”

“பாத்தனான். சிரிச்சுக்கொண்டு நிக்கிறாள்.”

அக்கா உள்ளே போய் ஒரு பொலித்தீன் பை எடுத்துவந்தா. இறுவட்டை அதற்குள் வைத்து, காற்றை அமத்தி வெளியே எடுத்து, வாயைச் சுற்றி முடிச்சுப் போட்டா. அதற்கு மேலே இன்னொரு முடிச்சுப் போட்டா.