சிப்பின் மேலிருந்த எண்

பெங்களூரு தொம்மலூரில் இருக்கும் எங்கள் ஆபீஸில், அன்று நான்கு மணிக்கு வாடிக்கையாளரிடம் புது சர்க்யூட் போர்டைக் காட்ட வேண்டும். மூன்றரை ஆகியும் அதில் ஒரு எல்.இ.டி.கூட எரியவில்லை. அவசரத்தில், பழைய போர்டுக்கு சி மொழியில் எழுதிய ப்ராஜெக்ட்டை அப்படியே காப்பி செய்து, பெயரை மட்டும் மாற்றியிருந்தேன். மேனேஜரிடமோ, “சால்டரிங் சரியில்ல சார்” என்று சொல்லிவிட்டேன்.

சிப்பைப் போர்டில் சால்டர் வைத்துப் பற்றவைத்த செல்வி, அதன் கால்கள் எல்லாவற்றையும் மறுபடி சூடாக்கினார். அப்போதும் எரியவில்லை.

“முதல்லயே ஒழுங்கா செஞ்சிருந்தா இவ்ளோ டென்ஷன் இருக்காதுல்ல?” என்று கத்தினேன்.

அவர் லென்ஸ் வைத்துச் சிப்பைப் பார்த்தார். பிறகு என் திரையைப் பார்த்தார்.

“சார், சிப்பு மேல வேற நம்பர் இருக்கு. உங்க ஸ்க்ரீன்ல வேற காட்டுதே?”

ப்ராஜெக்ட்டில் பழைய போர்டின் சிப் எண்ணே இருந்தது. அதை மாற்றி, ப்ரோக்ராமை மறுபடி போர்டில் ஏற்றியதும் எல்.இ.டி. மினுக்கத் தொடங்கியது.

அப்போது உள்ளே வந்த மேனேஜர், “இனிமே பாத்து சால்டர் பண்ணும்மா” என்றார். செல்வி என்னைப் பார்த்தார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போதெல்லாம் எந்த ப்ராஜெக்ட்டைத் தொடங்கினாலும் முதலில் சிப்பின் எண்ணைப் படித்துவிடுகிறேன். செல்வியின் மேசையைத் தாண்டும்போது மட்டும், போனில் ஏதோ வந்ததுபோல் குனிந்துகொள்கிறேன்.