மூன்று ரத்தச் சீட்டுகள்

1983இல் செண்பகவல்லிக்கு வயது முப்பத்தொன்று. பம்பாயில் முலுண்டிலிருந்து லோக்கல் ரயில் பிடித்துப் பரேலில் ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போய்வந்தாள். சொந்தத்துக்குள் மணமுடிப்பவர்களிடையே ரத்த வகைகள் எப்படிப் பரவுகின்றன என்பது அவளுடைய ஆராய்ச்சி. தாராவியில் நானூறு வீடுகளில் ரத்தம் எடுத்திருந்தாள். பதிலுக்கு ஏதாவது தரவேண்டுமே என்று ஒவ்வொருவருக்கும் குரூப் எழுதிய சீட்டு கொடுத்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை தோல்பைப் பட்டறைக்காரர் நஜிமுதீன் மூன்று சீட்டுகளோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். அவரும் மனைவி சைனப்பும் ஓ. ஆறு வயது மகள் சாயிரா பி.

“ரெண்டு ஓவுக்கு பி பொறக்காதுன்னு கம்பவுண்டர் சொல்லுதான். நெசமாம்மா?”

புத்தகத்தின்படி நிஜம்.

“இன்னொரு டெஸ்ட் இருக்கு. திங்கக்கிழமை வரைக்கும் வீட்ல எதுவும் கேக்காதீங்கோ.”

“கேட்டுட்டேன். அவ வாயே தொறக்க மாட்டேங்கா.”

அவரிடம் மறுபடி ரத்தம் எடுத்துக்கொண்டு அனுப்பினாள். மாலையில் தாராவிக்கு ஓடினாள். சைனப் கதவைப் பாதிதான் திறந்தாள்.

“ஒங்க ஊசிக்கு நாந்தான் இந்தத் தெருப் பொம்பளைகளக் கூட்டியாந்தேன். இப்பம் என்னையவே கொல்லப் பாக்கியளா?”

ஒரே ஒரு வழி இருந்தது. லட்சத்தில் சிலருக்கு பி மரபு இருந்தும் ரத்தத்தில் வெளித்தெரியாது. சாதாரணச் சோதனை அவர்களை ஓ என்றே காட்டும். நெருங்கிய சொந்தத்தில் மணந்தவர்களின் பிள்ளைகளிடம் இது கூடுதல். நஜிமுதீனின் பெற்றோர் மாமன் மகள், அத்தை மகன். அவருடைய அண்ணன் பி; ஆக அந்த மரபு குடும்பத்தில் இருந்தது.

இல்லாவிட்டால்? இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை தன் விரலைக் குத்தி, தனது ஓ ரத்தத்தை அவருடைய ரத்தத்தின் தெளிந்த நீரான சீரத்தில் விட்டாள். உண்மையான ஓ என்றால் கலந்துவிடும். கண்ணாடித் தகட்டைச் சாய்த்துப் பார்த்தாள். ரத்தம் திரிந்து கட்டிகட்டியாக நின்றது. மூன்று முறை செய்தாள். மூன்று முறையும் அப்படித்தான்.

அவர் அந்த அபூர்வ வகை என்பது உறுதி. பி அவரிடமிருந்து வந்திருக்கலாம் என்பதற்கு மேல் அந்தச் சோதனை எதையும் சொல்லவில்லை.

“உங்க பொண்ணுதான்,” என்று அன்று மாலை வந்தவரிடம் சொன்னாள் செண்பகவல்லி. “உங்களுக்கு யாரும் சாதா ஓ ரத்தம் ஏத்திடக் கூடாது. உயிருக்கே ஆபத்து.”

நஜிமுதீன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அதன்பின் அவள் யாருக்கும் சீட்டு எழுதவில்லை. பதிவேட்டில் பெயர்களை எடுத்துவிட்டு எண்கள் மட்டும் வைத்தாள். ஒவ்வொரு புது வீட்டிலும் ஊசியை எடுக்குமுன் சீட்டு கிடையாது என்று சொல்லிவிட்டாள். சைனப் புருஷனோடுதான் இருந்தாள். செண்பகவல்லியோடு பேசவே இல்லை.