மேஜை விரிப்பில் ஒரு சுனை

என் சாப்பாட்டு மேஜை விரிப்பில், ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் போகும் ஒரு நீலத் தையல் உண்டு. வருகிறவர்கள் கிழிசலைத் தைத்திருக்கிறேன் என்று நினைக்கிறார்கள். நானும் திருத்துவதில்லை. விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் சோறு ஆறிவிடும்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஜெர்சி சிட்டியில் ஒரு துணி இறக்குமதி கம்பெனியில் வேலை பார்த்தேன். டிசைன் பிரிவின் தலைவி ஒரு கரூர்ப் பெண்மணி. எல்லோருக்கும் அவர் மேடம்தான். நான் அவருக்குக் கீழே கம்ப்யூட்டரில் டிசைன் வரைபவள். மேடத்தின் கிரீன் கார்டு மனு கம்பெனியின் கையில் இருந்தது. அந்தக் காலத்தில் எங்களில் பாதிப் பேருக்கு மூச்சே அதில்தான் ஓடியது.

அப்போது ஆஸ்திரேலியப் பூர்வகுடிப் பெண் ஓவியர் ஒருவரின் படத்தை மேஜை விரிப்பாக நெய்ய ஒப்பந்தமானது. மணல் நிறத்தில் புள்ளிகள், நடுவே ஒரு சுனை, அதை நோக்கி வளைந்து வரும் கோடுகள். அது அவருடைய நிலம், கோடுகள் அவருடைய மக்கள் நடந்த தடங்கள் என்பதெல்லாம் எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. மேடத்தினுடையது கோலம் போட்டு வளர்ந்த கை. முனை திறந்து நிற்கும் கோட்டைப் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது. "இதென்ன, அந்தரத்துல நிக்குது? க்ளோஸ் பண்ணி விடு" என்றார். ஒவ்வொரு கோட்டையும் வளைத்து, தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து சேர்த்தோம். அழகாகத்தான் இருந்தது. கரூரிலிருந்து மாதிரி விரிப்பு வந்ததும் முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

ஒப்புதல் தர ஓவியர் நேரில் வந்தார். மேடத்தின் வயதுதான் இருக்கும். விரிப்பின் ஓரத்தில் விரலை வைத்து ஒரு கோட்டின் மேல் நகர்த்தினார். விரல் சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்தது. அடுத்த கோட்டிலும் அப்படியே. இந்த வழியில் போனால் தண்ணீர் கிடைக்காது என்றார். இது என் ஒருத்தியின் படம் அல்ல, ஊரில் நான் பதில் சொல்ல வேண்டும், கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். குரல் உயரவே இல்லை.

முதலாளி எங்களை வெளியே அழைத்தார். தறியில் வேறு மாதிரி நெய்ய முடியாது என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடு, அவளுக்கு என்ன தெரியப்போகிறது என்றார். உன் மனுவையும் நினைவில் வைத்துக்கொள் என்று மேடத்திடம் சொன்னார்.

"சொல்லிடுங்க மேடம். கிரீன் கார்டு போயிடும்" என்றேன்.

"தறி மேல பழி போடச் சொல்றியா? எங்கப்பா தறி ஓட்டுனவரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

தறி எதையும் நெய்யும், கோடுகளை மூடியது நான்தான், தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஓவியரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். ஓவியர் தன் நாற்காலியை இழுத்து மேடத்தின் பக்கத்தில் போட்டுக்கொண்டார். எந்தத் தடம் சுனையை எங்கே வந்து தொடும் என்று விரலால் காட்டினார்.

திருத்தி நெய்ய முதலாளி சம்மதிக்கவில்லை, ஆர்டர் ரத்தானது. மனுவைக் கம்பெனி திரும்பப் பெற்றுக்கொண்டது. ஊருக்குத் திரும்ப வேண்டியதாகிவிட்ட மேடத்தை நியூவர்க் விமான நிலையத்தில் நான்தான் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் டிராபிக்கைத் திட்டிக்கொண்டு வந்தார், வேறு பேச்சில்லை. இறங்கும்போது அந்த மாதிரி விரிப்பை எடுத்துக் கொடுத்து, "வச்சுக்க. ஒண்ணை மட்டும் சரி பண்ணியிருக்கேன்" என்றார். எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. பிழைக்கத் தெரியாதவர் என்று நினைத்துக்கொண்டே வண்டியைத் திருப்பினேன்.

பிறகு எனக்குக் கிரீன் கார்டு வந்தது, ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் வீடும் வந்தது. இப்போதும் சாப்பிட்டு முடித்து மேஜையைத் துடைக்கும்போது விரல் விரிப்பின் கோடுகள் மேல் போகும். எல்லாம் சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வருகின்றன. நீலத் தையல் போட்டது மட்டும் தண்ணீருக்குப் போகிறது.